நூற்று எண்பத்தாறு கிராம் செம்பு

டிவியில் மாட்டி விளையாடும் இயந்திரங்களைத் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தும், அந்த அம்மாள் தன் கையால் ஓர் இயந்திரத்தைக்கூடச் சேர்த்ததில்லை. அவர் செய்ததெல்லாம் பிரித்ததுதான். அதுவும் சொந்தக் கம்பெனியுடையதை அல்ல, போட்டிக் கம்பெனியுடையதை. இருநூற்றுப் பதின்மூன்று இயந்திரங்களைப் பிரித்திருக்கிறார். ஒரு பிளாஸ்டிக் கொக்கியைக்கூட முறித்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ‘கழட்டி அக்கா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இளக்காரமாக வைத்த பெயர்தான்.

“இன்னிக்கு என்னக்கா பெருசா கழட்டினீங்க?” என்று கேன்டீனில் யாராவது வம்புக்கு இழுப்பார்கள்.

“எழுபத்திரண்டு மறை. உனக்கு ஒண்ணு கழண்டிருக்குன்னு சொன்னாங்க. வேணும்னா வந்து எடுத்துக்க” என்பார் அக்கா, தட்டிலிருந்து தலை நிமிராமல்.

இந்தத் தொழிலில் இருப்பவை இரண்டே பெரிய கம்பெனிகள். இயந்திரத்தை அடக்க விலைக்கும் கீழே விற்பது, பிறகு விளையாட்டுகளை விற்றுத் தேற்றிக்கொள்வது. இரண்டு பேருக்கும் இதுதான் வழி. வீட்டுக்குள் யார் பெட்டி முதலில் நுழைகிறது என்பதில்தான் அடிதடி. ஆகவே எதிராளி எந்தச் சிப்பை வைத்தான், எத்தனை மறை முடுக்கினான், எங்கே இரும்பை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக்கை நுழைத்தான் என்று தெரிந்தாக வேண்டும். அவன் ஒரு மறையைக் குறைத்தால் இவர்கள் இரண்டைக் குறைப்பார்கள். இவர்கள் தகட்டை மெல்லியதாக்கினால் அவன் இன்னும் மெல்லியதாக்குவான். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக இரண்டு இயந்திரங்களும் வருடத்துக்கு வருடம் இளைத்தன. விளம்பரத்தில் அதற்குப் பெயர் முன்னேற்றம். அக்காவின் தராசுக்கு வேறு பெயர் தெரியும்.

போட்டிக் கம்பெனியின் பெயரை அலுவலகத்தில் யாரும் உச்சரிப்பதில்லை; ‘எதிர்வீடு’ என்றுதான் பேச்சு. எதிர்வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று எட்டிப் பார்க்க வைத்த ஜன்னல், இரண்டாம் மாடியின் கடைசியில் இருந்த பிரிப்பு அறை. பதினான்கு அடி நீளம், பதினோரு அடி அகலம். சாம்பல் நிற ரப்பர் விரித்த மேஜை, கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசு, எண் போட்ட நாற்பது நீலத் தட்டுகள், தலைக்கு மேல் ஒரு கேமரா. கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையில் தட்டில் வைத்து, நிறுத்து, படமெடுத்து, எழுதுவார். அறிக்கையின் கடைசிப் பத்தி ‘குறிப்பு’. மற்ற பத்திகளை யார் வேண்டுமானாலும் நிரப்பலாம், அந்தப் பத்திக்குத்தான் தனக்குச் சம்பளம் என்று அக்கா சொல்வதுண்டு.

சென்ற ஆண்டு மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி எதிர்வீடு புதிய இயந்திரத்தை இறக்கியது. முதல் நாளே கடைகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. வழக்கமாக வரிசையில் நின்று வாங்கிவரும் கொள்முதல்காரர் மூன்று நாள் வெறுங்கையோடு திரும்பினார். நாற்பது வயது மனிதர், அலைந்ததில் முகம் கறுத்துவிட்டது. மேலிடமோ ஒரு வாரத்துக்குள் அறிக்கை வேண்டும் என்று நெருப்பின்மேல் நின்றது. நான்காம் நாள் ஒரு கடை மேலாளரைப் பிடித்து, வாடிக்கையாளர்கள் ஆடிப் பார்ப்பதற்காகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த இயந்திரத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“கல்யாண வீட்டுல சாப்பாடு தீர்ந்துபோச்சுன்னு வாசல்ல வச்ச பொம்மையைத் தூக்கிட்டு வந்த மாதிரி இருக்குக்கா” என்று அவரே சிரித்தார்.

“கண்ணாடிப் பெட்டி எப்படி இருந்துச்சு தம்பி? சொல்லு” என்று மட்டும் கேட்டார் அக்கா.

பெட்டியின் பின்புறத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது என்றார் அவர். அக்கா அதைக் குறித்துக்கொண்டு இயந்திரத்தைத் திறந்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனால் முக்கியச் சிப்பின் தலைமேல், சூட்டை இழுத்து வெளியே கடத்துவதற்காக இருக்க வேண்டிய செம்புத் தகடு இல்லை. அதை முடுக்குவதற்கான நான்கு துளைகள் மட்டும் இருந்தன. புரி வெட்டிய துளைகள். ஒன்றிலும் மறை நுழைந்த தடமே இல்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. தகடு வந்து சேர்வதற்குள் கடைகளுக்குக் காட்சி இயந்திரத்தை அனுப்பியாக வேண்டிய அவசரம். கண்ணாடிப் பெட்டியில்தான் தனி விசிறி இருக்கிறதே, தகடு இல்லாமலே போகட்டும் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

குறிப்புப் பத்தியில் மையால் எழுதினார்: ‘இது கடையில் வைத்த காட்சி இயந்திரம். பெட்டிக்குத் தனி விசிறி உண்டு. தகட்டுக்கான நான்கு துளைகள் காலியாக உள்ளன. விற்பனை இயந்திரத்தைத் திறந்து பார்க்கும்வரை இதைக் கொண்டு எதையும் முடிவு செய்ய வேண்டாம்.’ தேதி போட்டார், கையெழுத்துப் போட்டார்.

அறிக்கை போனது செலவுக் கட்டுப்பாட்டு மேலாளரிடம். எதைக் கொண்டுபோனாலும் “எத்தனை கிராம்?” என்று முதலில் கேட்பவர் என்பதால் அவருக்குக் ‘கிராம் சார்’ என்று பெயர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது; அவசரக்காரர். அந்த வாரம்தான் எதிர்வீடு விலையைக் குறைத்திருந்தது. இங்கே எதைக் குறைக்கலாம் என்று மேலிடம் அவர் கழுத்தில் துண்டைப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தது. மேலிடத்துக்கு எல்லாம் ஒரே பக்கத்தில் போக வேண்டும், பெரிய எழுத்தில். அந்த ஒரு பக்க அட்டவணையில் பொருள், எடை, எண்ணிக்கை என்று மூன்று பத்திகள்தான். குறிப்புக்கு இடமில்லை. ‘செம்புத் தகடு: நமக்கு 186 கிராம், எதிர்வீட்டுக்கு 0’ என்று அந்தப் பக்கத்தில் ஏறியது. மேலே இருந்தவர்களுக்கு அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் கண் பளபளத்ததாம். அவன் தகடு இல்லாமலே ஓட்டுகிறான் என்றால் நாம் ஏன் செம்பைக் கட்டி அழ வேண்டும் என்று அரை மணி நேரத்தில் முடிவாயிற்று.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்பார்கள். அந்தப் பூனையாவது உயிருள்ள புலியைப் பார்த்தது. இவர்கள் கடை வாசலில் நிறுத்திய பஞ்சடைத்த புலியைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டார்கள்.

முடிவு தெரிந்த அன்றே அக்கா கிராம் சாரின் அறைக்குப் போனார். குறிப்பைப் படித்தீர்களா என்று கேட்டார். படித்தேன், பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். மூன்று வாரம் கழித்து விற்பனை இயந்திரம் ஒன்று கைக்கு வந்தது. திறந்தார். தகடு இருந்தது, நான்கு மறைகளோடு, சரியாக நூற்று எண்பத்தாறு கிராம், நம்முடையதில் இருந்த அதே எடை. இரண்டாவது அறிக்கையை எழுதி, எடை பார்த்த தகட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தார்.

கிராம் சார் தகட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். நம் புது இயந்திரத்துக்கு அச்சு வெட்டியாகிவிட்டது, அதன் உயரமே எட்டு மில்லிமீட்டர் குறைந்துவிட்டது, இப்போது தகடு வைக்க இடமே கிடையாது என்றார். இயந்திரத்துக்குள் இருக்கும் சின்ன விசிறியை இன்னும் வேகமாகச் சுற்றச் சொல்லி மென்பொருளில் எழுதிவிட்டார்களாம்.

“சார், விசிறி சுத்தினா காத்துதான் வரும். செம்பு வராது.”

“உங்க வேலை கழட்டுறது. மாட்டுறதை நாங்க பாத்துக்குறோம்.”

அக்கா தகட்டை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

ஆகஸ்டில் இயந்திரம் கடைக்கு வந்தது. நன்றாகவே விற்றது, எதிர்வீட்டைவிட மெலிசு என்று பத்திரிகைகள் கொண்டாடின. குளிர்காலம் முடியும்வரை சத்தமில்லை. வெயில் ஏறியதும் ஆரம்பித்தது. ஆடிக்கொண்டிருக்கும்போதே திரை உறையும்; பெட்டியில் கை வைத்தால் சுடும்; மறுபடி உயிர் வராது. திரும்பி வந்த இயந்திரங்களைக் கிடங்கில் வைக்க இடமில்லாமல் வண்டி நிறுத்துமிடத்தில் தார்ப்பாய் போட்டு அடுக்கினார்கள். ஜன்னலைத் திறந்தால் அக்காவுக்கு அந்தக் குவியல்தான் தெரியும்.

விசாரணை வைத்தார்கள். என்ன கண்டுபிடித்தார்கள் தெரியுமா? பிழை பிரிப்பு அறையில் நடந்ததாம்.

ஏப்ரல் இருபத்தாறு, வெள்ளிக்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு ஹெச்.ஆர். மேடம் அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஒரு தாளை நீட்டினார். ‘பிரித்த இயந்திரம் காட்சி இயந்திரம் என்பதை என் அறிக்கையில் குறிப்பிடத் தவறிவிட்டேன்’ என்று அதில் அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

“நான் எழுதியிருக்கேனே மேடம். அறிக்கை உங்ககிட்டயே இருக்கு.”

“இருக்கு. நானும் படிச்சேன்.”

மேடம் பொறுமையாக விளக்கினார். மேலிடம் தப்பு செய்தது என்று வெளியே போனால் கம்பெனியின் மானம் போய்விடும். கீழே ஓர் அறையில் ஒரு வரி விட்டுப்போயிற்று என்றால் அது மனிதத் தவறு, உலகம் மன்னித்துவிடும். வேலைக்கு ஒன்றும் ஆகாது. ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம்தானே, அதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். திங்கட்கிழமை கையெழுத்தோடு வந்தால் போதும்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று கேட்ட காலம் போய்விட்டது. இப்போது அம்பே வந்து ‘நான்தான் எய்தேன்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் குறிப்பு தொலைந்திருந்தால், அல்லது யாரும் அதைப் படிக்காமல் விட்டிருந்தால், அக்கா இவ்வளவு கொதித்திருக்க மாட்டார். படித்துவிட்டு, உண்மை என்று தெரிந்துகொண்டு, பொய்யை நீட்டினார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இருபத்தாறு வருடத்தில் அவர் கையெழுத்துக்கு மேலே தவறான எடை ஒன்றுகூட இருந்ததில்லை.

அக்காவின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை காலை, துவைத்த துணிகளை இருவரும் மொட்டைமாடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா தாளைப் பற்றிச் சொன்னார். அவர் ஒரு போர்வையை உதறிக் கயிற்றில் போட்டார்.

“போட்டுட்டு வந்துடும்மா. பேப்பர்தானே.”

“பேப்பரா? என் கையெழுத்துங்க அது.”

அவர் வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்தார். பிறகு, தானும் ஒருமுறை போட்டிருப்பதாகச் சொன்னார். பத்தொன்பது வருடத்துக்கு முன்பு மேம்பாலத்துக்குக் கீழே பேருந்து சுவரில் மோதியதே, அன்றைக்கு. பிரேக் பிடிக்கவில்லை. முந்தின வாரமே பணிமனையில் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனாலும் ‘நான் வேகமாக ஓட்டினேன்’ என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். பத்து நாள் இடைநீக்கம். அந்தப் பத்து நாளும் காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்தார். அக்காவும் கஷாயம் வைத்துக் கொடுத்தார்.

“எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

“என்னன்னு சொல்றது? இப்பவும் அந்த ரோட்டுல போறப்ப வேகத்தைக் குறைச்சிட்டுத்தான் போறேன். என்னமோ நானே நம்பிட்ட மாதிரி.”

சொல்லிவிட்டு அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டார். மிச்சத் துணியை அக்கா தனியாகக் காயப்போட்டார். பத்தொன்பது வருடமாகத் தன் பக்கத்தில் படுத்திருந்த மனிதரின் மேல் ஒரு பொய் ஏறி உட்கார்ந்திருந்திருக்கிறது, தனக்குத் தெரியாமலே. அவர் மேல் கோபம் வரவில்லை. எழுதி வாங்கினார்களே, அந்த முகம் தெரியாதவர்கள் மேல் வந்தது. போடக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார். வேலை போனால் போகட்டும்.

திங்கட்கிழமை காலை அறைக்குள் நுழைந்தால் மேஜைமேல் ஒரு புதிய பெட்டி. எதிர்வீடு அதே இயந்திரத்தைத் திருத்தி மறுபதிப்பாக இறக்கியிருந்தது. ‘இன்னும் மெலிசு’ என்று பெட்டியில் கொட்டை எழுத்து. மேடத்தைப் பார்க்கப் பதினொன்றரைக்குத்தான் நேரம். கை சும்மா இருக்குமா? திறந்தார்.

செம்புத் தகடு இல்லை. இந்தமுறை அதற்கான துளைகளும் இல்லை. இது கண்ணாடிப் பெட்டியில் வைத்தது அல்ல, கடையில் ரசீது போட்டு வாங்கியது. எதிர்வீட்டிலும் ஒரு பிரிப்பு அறை உண்டு என்பது தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அங்கேயும் யாரோ நம்முடையதைத் திறந்து, தகட்டுக்கு நேராகப் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். அங்கேயும் யாரோ ஒருவருக்குக் கண் பளபளத்திருக்கிறது. இப்போது பூனையைப் பார்த்துப் புலி சூடு போட்டுக்கொண்டுவிட்டது. நடுவில் கிடந்து வேகிறவர்கள் வாங்கியவர்கள்.

எழுதிய அறிக்கையோடு அக்கா மேடத்தின் அறைக்குப் போனார். கிராம் சாரும் அங்கே இருந்தார். கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டு, எதிர்வீடும் தகட்டை எடுத்துவிட்டது, நாம் செய்த தப்பு அங்கேயும் பரவிவிட்டது, இரண்டு பேரும் உடனே நிறுத்தாவிட்டால் அடுத்த வெயிலுக்குத் தெருவெல்லாம் பெட்டி எரியும் என்று அறிக்கையை வைத்தார்.

கிராம் சார் அதைப் பறித்துப் படித்தார். முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா மேடம்? அவனும் எடுத்துட்டான். அப்ப நாம செஞ்சது தப்பே இல்லை. நாம முன்னாடி யோசிச்சிருக்கோம், அவ்வளவுதான்!”

“சார், அவங்க நம்மளைப் பாத்து எடுத்திருக்காங்க.”

“அதைத்தானே நானும் சொல்றேன்.”

அன்று மதியமே விசாரணை முடிந்துபோயிற்று. தப்பே இல்லை என்றால் தப்பு செய்தவர் எதற்கு? பழைய தாளைக் கிழித்துப் போட்டார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் அடுக்கியிருந்த குவியல் மட்டும் அப்படியே இருந்தது. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வியாழக்கிழமை மேடம் மறுபடி கூப்பிட்டார். இந்தமுறை தண்ணீருக்குப் பதில் காபி. தாளும் புதியது. கம்பெனியின் மாத இதழில் அக்காவின் படத்தோடு வரப்போகிற செய்தி: ‘செம்புத் தகடு தேவையில்லை என்பதை முதலில் கண்டறிந்து வழிகாட்டிய எங்கள் பிரிப்பு அறை அக்கா.’ வெளியிடச் சம்மதம் என்று கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

அக்கா இரண்டு முறை படித்தார்.

“போன வாரம் நான் எழுதாம விட்டேன்னு சொன்னீங்க. இந்த வாரம் நான் எழுதாததை எழுதினேன்னு சொல்றீங்க.”

“இது பாராட்டும்மா. பாராட்டக்கூட விடமாட்டீங்களா?”

“திட்டுனதுலயும் பொய், பாராட்டுனதுலயும் பொய். எனக்கு ரெண்டும் ஒரே எடைதான் மேடம்.”

தாளைத் திருப்பி மேடத்தின் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தார். காபி ஆறிக்கொண்டிருந்தது.

பழியை மறுத்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. பாராட்டை மறுத்தது மேலிடத்துக்குப் பொறுக்கவில்லை. பதினைந்து நாளில் மாற்றல் உத்தரவு வந்தது. பிரிப்பு அறைக்கு வேறு ஆள். அக்காவுக்குச் சேவை மையத்தில் கவுன்ட்டர், பழுதாகித் திரும்பி வருகிற இயந்திரங்களை வாங்கி ரசீது எழுதும் வேலை. கிராம் சார் கைகுலுக்கி அனுப்பிவைத்தார். கொள்முதல்காரர் பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்தார். “அந்தப் பொம்மையை நான் தூக்கிட்டு வந்திருக்கவே கூடாதுக்கா” என்றார். அவர் தலையில் பழியைத் தூக்கி வைக்க அக்காவுக்கு மனமில்லை. நீ எங்கிருந்து எடுத்தாய் என்பதை நீ மறைக்கவில்லையே தம்பி என்று சொல்லிப் பேருந்தில் ஏறினார்.

சேவை மையத்தில் காலை ஒன்பது மணிக்கே வரிசை நிற்கும். கண்ணாடித் தடுப்பு, கீழே ஒரு சதுரத் துவாரம், அதற்கு இந்தப்பக்கம் அக்கா. ரசீதில் ‘பழுதின் காரணம்’ என்று ஒரு கட்டம். அதில் என்ன எழுத வேண்டும் என்று மேஜையில் ஓர் அட்டையே ஒட்டியிருந்தது: ‘வாடிக்கையாளர் இயந்திரத்தைக் காற்றோட்டம் இல்லாத இடத்தில் வைத்தது.’ வேறு காரணம் எழுதக் கூடாது. முந்தைய ஆள் அதற்கு ஒரு ரப்பர் முத்திரையே செய்து வைத்துவிட்டுப் போயிருந்தார். கையெழுத்து மட்டும் ரசீது எழுதுகிறவருடையது.

முதல் நாள் முதல் ஆளாக வந்தவர் ஒரு தையல்கார அம்மா. இயந்திரத்தைத் துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கி வந்திருந்தார். பழைய ரசீது ஒன்றும் கையில் இருந்தது. நான்கு மாதத்தில் இரண்டாவது பழுது. போனமுறை குத்திய முத்திரை அதில் தெளிவாக இருந்தது.

“மேஜைமேலதான் வச்சோம், எதுக்க ஃபேன் போட்டு. பசங்களுக்கு ஃபேன் இல்லாம இதுக்குப் போட்டோம். காத்தில்லாத இடத்துல வச்சீங்கன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. என் வீட்டுக்காரர் பசங்களைப் போட்டு அடிச்சிட்டாரு, நீங்கதான் எங்கயோ மூடி வச்சீங்கன்னு” என்றார்.

அக்கா பெட்டியை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். முத்திரையை மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். காரணக் கட்டத்துக்குள் மையால் எழுதினார்: ‘சிப்பின் மேல் இருக்க வேண்டிய 186 கிராம் செம்புத் தகடு தயாரிப்பின்போதே நீக்கப்பட்டுள்ளது. வாடிக்கையாளர் மீது தவறில்லை.’ கீழே முழுக் கையெழுத்து, தேதி.

தையல்கார அம்மா நின்ற இடத்திலேயே அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். பின்னால் வரிசை நெளிந்தது. மேற்பார்வையாளர் தன் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“அப்ப அந்த இன்னொரு கம்பெனியோடதை வாங்கியிருக்கணுமோ?”

“ஏப்ரலுக்கு முன்னாடி வாங்கியிருந்தா சரி. இப்ப வர்றதுல அவங்களும் எடுத்துட்டாங்க.”

“அதையும் எழுதிக் குடுங்க. என் தம்பி அதைத்தான் வாங்கணும்னு நிக்கிறான்.”

மேற்பார்வையாளர் எழுந்து வந்துகொண்டிருந்தார். அக்கா ரசீதைத் திருப்பிப் பின்பக்கத்தில் அதையும் எழுதினார். அதன் கீழும் கையெழுத்துப் போட்டு, துவாரத்தின் வழியே நீட்டினார்.